நம்மவரைக் கேட்பது



நான் பள்ளியில் பயின்ற நாளில், சுற்றுலாவுக்கென நாங்கள் திரட்டிய பணத்தில் ஒன்பது ரூபாய்க்கு என் நண்பன் கணக்குக் காட்டவில்லை. அவன் என் தெருக்காரன். ஆதலால் வாய் திறவாதிருந்தேன். அவ்வாண்டு குடிமைப் பயிற்சிப் பாடத்தில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன்!

புதுக்கடையின் வரலாற்றைப் பின்னரே படித்தேன். அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில், விளவங்கோடு வட்டத்தில் இருந்தது. தமிழர் மிகுந்த தென் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கிளர்ச்சி நடத்திற்று. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டனர், உயிர்கள் மாய்ந்தன. அப்போதைய முதலமைச்சர் பட்டம் தாணுப் பிள்ளை, பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியினர்.

அக்கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியா அவ்வமயம் வடநாட்டுச் சிறையில் இருந்தார். மக்களைச் சுட்ட அமைச்சரவை பதவி விலக வேண்டுமென்று சிறையிலிருந்தே கேட்டார். எதிர்க்கட்சியார் கேட்டிருந்தால் வியப்பில்லை. அரிதாகக் கிட்டிய தம் கட்சியின் ஆட்சியையே அவர் கேட்டார்!

கட்சி இணங்கவில்லை, பட்டமும் விலகவில்லை. 1955 பிப்ரவரியில் அவ்வமைச்சரவை சட்டமன்ற ஆதரவை இழந்து வீழ்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தன. கட்சியோடு பிணங்கிய லோகியா, பின்னர் வேறு கட்சி கண்டார்.

இதைப் படித்த இரவு எனக்கு அந்த ஒன்பது ரூபாய் நினைவுக்கு வந்தது. நண்பன் அப்போதும் எங்கள் தெருவில்தான் இருந்தான். மறுநாள் போய்க் கேட்டேன்.