காணாதார்க்குக் கொடுக்கும் பரிசில்

(வண்டூரில் நடைபெற்ற தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பேசுவதே வழக்கம். நானோ, வெளிநாட்டு விடுதிகளில் நம் அறையைத் துப்புரவு செய்பவர்க்கு இனாம் கொடுப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதுவும் ஒரு பொருளா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால், நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று விடுதிகளில் தங்கும் காலம் இது. நம் ஊரோ விருந்தினரை வரவேற்று வாழும் ஊர். 1983ஆம் ஆண்டில் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. ஜாலிபாய், ரெட்ஸ்கின் தீவுகளைக் காண விரும்புவோர் நம் படகுத் துறைக்கு வருகின்றனர். மாலையில் அவர்கள் காலோடு கொண்டுவரும் பவழ மணலை மறுநாட் காலையில் கூட்டித் தள்ளுபவர் யார் என்பதை நாம் அறிவோம். கொடுப்போர் நிலையும் பெறுவோர் நிலையும் ஒருங்கே உணர்ந்த நமக்கு இப்பொருளைப் பேச உரிமை உண்டு.

உணவு பரிமாறுபவர் நம் கண்முன் நிற்கிறார். பெட்டி சுமப்பவரும் நம்முடன் அறை வாயில் வரை வருகிறார். இவர்களுக்குக் கொடுக்க நாம் மறப்பதில்லை. அறையைத் துப்புரவு செய்பவரோ நாம் வெளியே சென்ற பின் வருகிறார்; நாம் திரும்புமுன் போய்விடுகிறார். நம் கண்ணிற் படாதிருப்பதே அவர் வேலையின் இலக்கணமாகிவிட்டது. பெரிய விடுதிகளில் ஒருவரே நாளொன்றுக்கு 12 முதல் 16 அறைகள் வரை துப்புரவு செய்வதுண்டு. கனத்த மெத்தையைத் தூக்கி விரிப்பை மாற்றுவதும், குளியலறைத் தரையைக் குனிந்து தேய்ப்பதும் தோளையும் இடுப்பையும் வருத்தும் வேலைகள். மேலை நாடுகளில் இப்பணி செய்வோருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள்ளும் பலர் பிழைப்பை நாடிக் கடல் கடந்து வந்தவர்கள். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பற் பயணத்துக்கு இப்பால் வாழும் நாம் அவர்களை அயலார் என்று எண்ணலாமா?

இவ்விடத்தில் புறநானூற்றின் 208ஆம் பாடல் கூறும் செய்தி ஒன்று என் நினைவுக்கு வருகிறது. மலைகளைக் கடந்து பரிசில் நாடி வந்த புலவர் பெருஞ்சித்திரனாரை நேரிற் காணாமலே, பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான் அதியமான் நெடுமான் அஞ்சி. புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம் தகுதியை அறிந்து கொடுப்பது சிறிதாயினும் இனிது என்றார். கொடையின் பெருமை பொருளின் அளவில் இல்லை; பெறுபவரை மதிப்பதில் இருக்கிறது என்பதே அவர் உணர்த்திய அறம்.

விடுதி அறையில் நாம் வைக்கும் இனாமோ காணாமலே கொடுக்க வேண்டிய கொடை. காணாதவரை மதித்துக் கொடுப்பது எவ்வாறு? இதுவே நம்முன் உள்ள கேள்வி.

முதலாவது, அந்தந்த நாட்டின் வழக்கை அறிதல் வேண்டும். ஜப்பானில் இனாம் கொடுக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. அறையில் பணத்தை விட்டு வந்தால், மறந்துபோன பொருள் என்று எண்ணி அதனைத் திருப்பித் தர முயல்வர். அந்நாட்டின் மரபுவழி விடுதிகளில் சிலர் பணிப்பெண்ணுக்குப் பணம் கொடுப்பதுண்டு. அப்போதும் அதனைத் தாளிற் பொதிந்தே தருவர். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத் தரும் நம் மரபை இது நினைவூட்டவில்லையா? சிங்கப்பூரில் பெரும்பாலான பெரிய விடுதிகள் நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணத்தைப் பட்டியலிலேயே சேர்த்துவிடுகின்றன. அதற்கு மேல் கொடுப்பது நம் விருப்பம். அமெரிக்காவிலோ விடுதித் தொழிலாரின் சங்கமே ஓர் இரவுக்கு 1 முதல் 5 டாலர் வரை வைக்குமாறு விருந்தினருக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

இரண்டாவது, நாள்தோறும் வைத்தல் நன்று. ஐந்து நாள் தங்கிவிட்டுப் புறப்படும் காலையில் மொத்தமாக வைத்தால், முதல் நான்கு நாள் உழைத்தவருக்கு அன்று விடுமுறையாக இருக்கலாம். உழைப்பு ஒருவருடையது, ஊதியம் வேறொருவருடையது என்றாகிவிடும்.

மூன்றாவது, அது இனாம் என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும். மேசைமேல் வெறும் நோட்டாகக் கிடக்கும் பணத்தை எடுக்கத் துப்புரவாளர் அஞ்சுவார். எடுத்தால் திருட்டுப் பழி வந்துவிடுமோ என்ற அச்சம் அது. ஒரு சிறு தாளில் 'அறையைத் துப்புரவு செய்தவர்க்கு, நன்றி' என்று எழுதி அதனுடன் வைத்தால் அச்சம் நீங்கும். அந்நாட்டுப் பணமாகவும் அது இருத்தல் வேண்டும். வேற்று நாட்டு நாணயங்களை மாற்றிக்கொள்ள இயலாது. அவற்றை வைப்பது கொடையன்று, நம் சட்டைப்பையின் சுமையைக் கழிப்பதாகும்.

இனி இதன் மறுபக்கத்தையும் பார்ப்போம். 2014ஆம் ஆண்டில் மாரியட் நிறுவனம், அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தன் விடுதிகளில் 1,60,000 அறைகளில் இனாமுக்கென உறைகளை வைக்க முற்பட்டது. விருந்தினரைக் கேட்குமுன் நீங்களே கூலியை உயர்த்தலாகாதா என்று பலர் வினவினர். நேர்மையான வினா அது. இனாம் மகிழ்ச்சிக்குரியது, ஆனால் அது கூலிக்கு ஈடாகாது.

இதனை மலேசியாவின் உச்ச நீதிமன்றமாகிய கூட்டரசு நீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. விருந்தினரிடம் வாங்கும் சேவைக் கட்டணத்தைக் கொண்டு தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியை நிரப்பிக்கொள்ள ஒரு விடுதி முயன்றது. தொழிற்சங்கம் வழக்காடியது. சேவைக் கட்டணம் தொழிலாளருக்கு உரியது. அதனைக் கூலிக் கணக்கில் சேர்த்தல் கூடாது என்று தீர்ப்பாயிற்று. பிரிட்டனிலும், இனாம் முழுவதும் தொழிலாளரையே சேர வேண்டும் என்னும் சட்டம் 2024 அக்டோபர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டிலோ, சேவைக் கட்டணத்தைப் பட்டியலில் தாமாகவே சேர்த்தல் ஆகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நெறி வகுத்தது. 2025 மார்ச்சு மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. விருந்தினர் மனமுவந்து தருவதே இனாம் என்னும் கொள்கைக்கு இது அரணாகும். எனினும், விருந்தினர் மனமுவந்து தந்தது உரியவர் கையைச் சேர்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு விடுதி நடத்துவோருடையதே.

ஆகவே, இந்த அவையில் விடுதி நடத்தும் அன்பர்கள் இருப்பின் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விருந்தினர் வைத்துச் செல்லும் பணம் வரவேற்பு மேசையோடு நின்றுவிட வேண்டா. இனாம் வருகிறதே என்று கூலியைக் குறைக்கவும் வேண்டா. துணி வெளுப்பவரும் கொல்லையில் குப்பை அள்ளுபவரும் விருந்தினர் கண்ணுக்கு மேலும் தொலைவில் இருப்பவர்கள். பொதுவில் வரும் இனாமில் அவர்களுக்கும் பங்கு வேண்டும்.

வெளிநாடு செல்லும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். அறையை விட்டு வெளியேறுமுன் குப்பையை ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். ஈரத் துண்டுகளைக் குவித்து வையுங்கள். நடைவழியில் அவரைக் கண்டால் முகமலர்ந்து வணக்கம் கூறுங்கள். பணம் கொடுக்கும் வழக்கம் இல்லாத நாட்டிலும் இவற்றைக் கொடுக்கத் தடையில்லை. பெருஞ்சித்திரனார் எதிர்பார்த்ததும் இந்த மதிப்பைத்தான்.