சைக்கிளுக்கு முன்னே கணக்கு

(பதுளையில் நடந்த இளைஞர் அணிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பதுளையிலிருந்து தலைமன்னார் வரை கூட்டமாகச் சைக்கிளில் போய் நல்ல காரியத்துக்குக் காசு சேர்க்க அனுமதி வேண்டும் என்று இளைஞர் அணி கேட்டிருக்கிறது. "நம்ம மேட்டுல சைக்கிளா?" என்று பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர் மூச்சு வாங்க மிதித்துப் போவதை நாம் மலையில் நின்று பார்த்திருக்கிறோம். அவர்களால் முடிந்தால் நம் பிள்ளைகளாலும் முடியும்.

வெளிநாட்டில் இது பெரிய வழக்கம். லண்டனில் புறப்பட்டு, நடுவில் கடலைக் கப்பலில் கடந்து, நாலைந்து நாளில் பாரிஸ் போய் ஈபிள் கோபுரத்தடியில் இறங்குவார்கள். போகிறவர் தனக்குத் தெரிந்தவர்களிடம் எல்லாம் காசு கேட்பார். அதிலே ஒரு சங்கதி உண்டு. சில பயணங்களில், சேர்த்த காசிலிருந்தே போகிறவரின் சாப்பாடு, படுக்கை, கப்பல் செலவு எல்லாம் கழியும். மிச்சம்தான் நோயாளிக்கு. இது களவு இல்லை, முன்கூட்டியே சொல்லித்தான் செய்கிறார்கள். ஆனால் நாட்சம்பளக்காரரிடம் நூறு ரூபாய் வாங்கி அதில் நாம் கொத்துரொட்டி சாப்பிட முடியாது. நம் செலவு நம் கையில் இருந்து போகவேண்டும்.

நம் நாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2011இல் நாதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவே என்ற இருவர் தெற்கே தெவுந்தரமுனையில் தொடங்கி வடக்கே பருத்தித்துறை வரை நடந்தார்கள். சுமார் 670 கிலோமீற்றர், நாலு வாரத்துக்குக் கிட்ட. வழியில் ஆயிரக்கணக்கானோர் ஒரு நாள், அரை நாள் என்று கூட நடந்தார்கள். யுத்தம் முடிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தெற்கிலிருந்து வந்த காசு யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரியாக எழும்பி 2013இல் திறக்கப்பட்டது. 2016இல் அதே பாதையைத் திருப்பிப் போட்டு, பருத்தித்துறையிலிருந்து தெவுந்தரமுனைக்கு நடந்தார்கள். அந்தக் காசு காலி கராப்பிட்டியப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. நான் பார்ப்பது கால் பலத்தை அல்ல. காசு எங்கே போகும் என்பது முதல் அடி வைப்பதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு நடை நம்முடையது. 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருஷம் என்று, ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடை. அது காசு சேர்க்க அல்ல, கோரிக்கைக்காக. காணி, வீடு, சம்பளம் என்று அங்கே சொன்னதில் பல இன்னும் அப்படியே கிடக்கின்றன.

அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களை நினைத்துப் பாருங்கள். காடு, காய்ச்சல், கொலரா. வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை. ஊவாவுக்கு வந்தவர்களுக்கு மாத்தளை முடிவும் இல்லை, அதற்கு மேலும் மலை ஏறவேண்டும். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல்தான். கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச் செலவும் அவர்கள் பேரில் கடனாக ஏறின. தோட்டம் மாற வேண்டும் என்றால் அந்தக் கடன் எழுதிய துண்டும் கூடவே போகும். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அவர்களுக்கு நடந்த தூரம் கடன். உங்களுக்கு மிதிக்கும் தூரம் வரவு. அதே பாதையில் நீங்கள் கடலை நோக்கித் திரும்பிப் போகிறீர்கள் என்பதால்தான் இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி, எதற்குக் காசு? தோட்ட ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கலாம், பிள்ளைக் காம்பராவுக்குத் தகரம் போடலாம் என்று இரண்டு யோசனை வந்திருக்கிறது. இரண்டையும் நான் எதிர்க்கிறேன். தோட்டத்து நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பை 1912ஆம் வருஷத்து மருத்துவத் தேவைகள் சட்டமே நிர்வாகத்தின் மேல் வைத்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே வாங்கிய கடமையை நாம் உண்டியல் குலுக்கி நிறைவேற்றினால், அடுத்த வருஷம் துரை நம்மிடமே "உங்க சங்கம் செய்யுமே" என்பார்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. உடுப்பும் சாப்பாடும் லொறி லொறியாக வந்தன. தந்த கைகளை நான் குறை சொல்லவில்லை, அன்றைக்கு அது தேவைதான். ஆனால் பூனாகலை மாகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். இரண்டு வருஷம். லொறிகள் நின்ற பிறகு அந்த வீட்டை யார் கேட்டது, எத்தனை தரம் கேட்டது என்பது முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியும். கேட்கிற வேலையை எந்தத் தர்மக் காசும் செய்யாது.

என் யோசனை இது. அரச ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு வைத்தியம் இலவசம். ஆனால் இங்கிருந்து மகரகமைக்குப் போகும் பஸ் காசு, கூடப் போகிறவரின் சாப்பாடு, இருவரும் இழக்கும் நாட்சம்பளம், இதை எந்தச் சட்டமும் தருவதில்லை. பாதி வைத்தியத்தில் நிறுத்திவிட்டு லயத்துக்குத் திரும்பி வந்தவர்களை உங்களில் பலருக்குத் தெரியும். சேரும் காசு அவர்களின் பயணத்துக்குப் போகட்டும். எந்தச் சங்கத்துக்காரர் என்று பார்க்கக் கூடாது.

பயணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 300 கிலோமீற்றருக்கு மேல் தூரம். பலசாலி முன்னால் பறந்தால் கூட்டம் உடைந்துவிடும். மெதுவாக மிதிப்பவரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். கடைசியில் ஒருவர் பம்பும் டியூபும் வைத்துக்கொண்டு வரவேண்டும், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. நமக்கு ஏற்றம் பயமில்லை. மகியங்கனைக்கு இறங்கும்போது பிரேக் கட்டை தேயும், அதுதான் பயம். மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தில் காற்று எதிர்த்து அடித்தால் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போய், முன்னால் போகிறவரை அடிக்கடி மாற்றுங்கள். தங்கச்சிமாரும் வருவதாகச் சொல்கிறார்கள். இராத் தங்குமிடம் முடிவாகாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

பாங்குக் கணக்குக்கு மூன்று கையெழுத்து. அதில் ஒன்று மாதர் கமிட்டியிலிருந்து. வரவு செலவு ஒவ்வொரு தோட்டத்திலும் பெரட்டுக் களத்தில் ஒட்டப்பட வேண்டும். மூன்று பேரின் பெயரையும் இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். சைக்கிள் எண்ணிக்கையை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்.