கணிப்பொறியின் ஓடு



இரயில் நிலையத்தில் பயணி இஞ்சினிடம் நேரே பேசுவதில்லை. ஜன்னலுக்குப் பின்னே அமர்ந்துள்ள என்னைப்போன்ற குமாஸ்தாவிடமே சொல்லுகிறார். கணிப்பொறியிலும் அவ்வாறே. 'யூனிக்ஸ்' என்னும் இயக்க அமைப்பின் கருவைச் சூழ்ந்து நின்று, நாம் எழுதும் கட்டளையைப் பெற்று நிறைவேற்றுவிப்பது 'ஷெல்', அதாவது ஓடு.

1971-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன் முதல் ஓட்டை அமைத்தார். 1979-இல் வெளிவந்த ஸ்டீவன் போர்னின் ஓடு, கட்டளைகளைக் கோவையாக எழுதிவைக்க நன்கு வழிசெய்தது. பில் ஜாயின் 'ஸி ஷெல்', டேவிட் கார்னின் 'கார்ன் ஷெல்' என வேறு வகைகளும் தோன்றின. 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் இயற்றிய 'பாஷ்', எவரும் தடையின்றிப் பெற்றுத் திருத்தத்தக்கது. அதன் பெயரே 'போர்னின் மறுபிறவி' என்னும் சிலேடை.

"இதற்குத் தமிழ் தெரியுமா, அப்பா?" என்று என் மகள் கேட்டாள்.

1992-இல் அதே தாம்ஸன், ராப் பைக்குடன் கூடி, உலக எழுத்துக்களையெல்லாம் ஏற்கும் 'யுடிஎஃப்-8' முறையை வகுத்தார். அதனால் இன்று கோப்புக்குத் தமிழிலேயே பெயரிடலாம். கட்டளைச் சொற்கள் ஆங்கிலமேயாயினும், அவற்றுக்குத் தமிழில் மாற்றுப்பெயர் சூட்ட பாஷ் இடந்தருகிறது. அவள் 'பட்டியல்' என்று எழுதினாள். கோப்புகளின் பட்டியல் திரையில் வந்து நின்றது.

பொறி தமிழை ஏற்றுக்கொண்டது. சித்தூரிலும் திருப்பதியிலும் தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்பிப்பது நம் கடமையன்றோ?