மலைப்பாதையும் மதிநுட்ப யந்திரமும்



கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பன்விலவுக்கும், அதற்கப்பால் மடுல்கலைத் தோட்டங்களுக்கும் ஏறிச் செல்லும் பஸ்ஸில் மழைக்கால மாலையொன்றில் பிரயாணம் செய்தவர்களுக்கு, வளைவுதோறும் ஹாரனை நீள அழுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் ஹாரன் கேட்கிறதா என்று செவிசாய்த்து, மூடுபனிக்குள் வண்டியைத் திருப்பும் சாரதியின் சாமர்த்தியத்தை நான் விவரிக்க வேண்டிய அவசியமில்லை.

ஆயினும் அந்த ஒருவரின் அவதானத்தை மட்டுமே நம்பி அத்தனை பிராணன்களையும் ஒப்படைப்பது நியாயமன்று. 2025 மே 11 அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்; நான்கு மாதம் நிறையுமுன், செப்டெம்பர் 4 இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் 15 பேரைப் பலிகொண்டது.

இப்போது சாரதியின் முகத்தை நோக்கிப் பொருத்தும் சிறு கமரா ஒன்று வந்திருக்கிறது. இருளிலும் அகச்சிவப்பு ஒளியால் இமைகளைக் கவனித்து, அவை மூடியிருக்கும் காலத்தை அளந்து, இமைப்பு வேறு, உறக்கம் வேறு என்று பகுத்து, அபாய ஒலி எழுப்பும். உத்தமமான சாதனந்தான், ஆனால் ஓய்வில்லாமல் இரவெல்லாம் ஓட்டச் சொல்லும் நேர அட்டவணையை அது கண்டிப்பதில்லை! சாரதியை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் யந்திரம் பாதி வேலைதான் செய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மறுபாதியை இந்தியாவின் நாகபுரியில் காணலாம். அங்கே 2021இல் தொடங்கிய ஐராஸ்டே திட்டத்தில், ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யும் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனமும் இன்டெல்லும் சேர்ந்து, மாநகரப் பஸ்களில் முன்னோக்கும் கமராக்களைப் பொருத்தின. பாதசாரியோ வாகனமோ அபாயகரமாக நெருங்கும்போது அவை சாரதியை எச்சரிப்பதோடு, அவ்வெச்சரிக்கைகள் எந்த இடத்தில் குவிகின்றன என்பதும் பதிவாகிறது. இரத்தம் சிந்துவதற்கு முன்பே பிழையான சந்தியைக் கண்டுபிடித்துத் திருத்த அதனால் வழி பிறக்கிறது.

அந்தச் சாதனத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால் போதாது. மலை மறைவில் கைத்தொலைபேசித் தொடர்பு அறுந்துபோகும் எங்கள் பக்கத்தில், பஸ்ஸுக்குள்ளேயே கணித்து, பதிவைச் சேமித்து, டிப்போ சேர்ந்ததும் ஒப்படைக்கும் யந்திரத்தை, பட்டம் பெறும் இளம் பொறியியலாளர்களாகிய நீங்கள் அமைக்க வேண்டும். அப்பதிவு சாரதியின் தண்டனைக் கோவைக்குள் முடங்கிவிடாமல், நேர அட்டவணை வகுப்பவர் மேசைக்கும், பள்ளத்தோரம் தடுப்புவேலி போட வேண்டிய வீதி அபிவிருத்தி அதிகார சபையின் மேசைக்கும் போய்ச் சேர ஏற்பாடு செய்ய வேண்டும்.