நோவும் மருந்துச் சீட்டும்



பெங்களூரில் குடியேறியிருக்கும் தமிழர் ஒருவர், கன்னடம் பேசும் வைத்தியரிடம் தம் உடம்பின் உபத்திரவத்தைச் சொல்லப் புகும்போது, ஒரு சொல்லுக்கு மட்டும் அவர் தடுமாற வேண்டியதில்லை. ‘நோவு’ என்றால் அங்கும் நோவுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு அப்பால் பேச்சு ஓடுவதில்லை. வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். வைத்தியர் ஒரு மாத்திரையை எழுதுகிறார். பத்து நாளில் நோயாளி திரும்பி வந்தால் அதே மாத்திரை, அல்லது அதன் தம்பி. மூன்றாம் முறை, “வயதாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்ற விடை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்று மருத்துவ நூலார் வகுக்கிறார்கள். அத்தகைய வலிக்கு ஏற்ற மருந்தை எழுதி வாங்குவது ஏன் இத்தனை கடினமாயிருக்கிறது என்பதைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

வலி ஒன்றல்ல. மூட்டுத் தேய்மானத்தால் வரும் வலி ஒரு ஜாதி. நரம்பு கெட்டு வரும் வலி வேறு ஜாதி. நீரிழிவு முற்றியவருக்கு உள்ளங்கால் எரிகிறது. அக்கி ஆறிப்போன பின்னும் சிலருக்கு விலாவில் நெருப்பு வைத்தாற்போல் எரிச்சல் தங்கிவிடுகிறது. இவற்றுக்குச் சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் பயன்படுவதில்லை. டைக்ளோஃபினாக் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடுவதுதான் மிச்சம். மனச்சோர்வுக்கென்று வந்த அமிட்ரிப்டிலின், காக்காய் வலிப்புக்கென்று வந்த காபாபென்டின் ஆகிய மருந்துகள் இந்த நரம்பு வலிக்குத் துணை செய்கின்றன. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் சீட்டை மட்டும் கொடுத்தனுப்பினால் என்ன நடக்கும்? மருந்துக் கடையில் யாரோ, “இது மனோவியாதிக்கல்லவா?” என்று கேட்டுவிடுவார். மாத்திரை அன்றிரவே குப்பைக்குப் போய்விடும்.

இனி, புற்றுநோயாளிகளின் வலி. இங்கேதான் நம் தேசத்தின் கதை மிகவும் வேதனைக்குரியது. வலி மருந்துகளில் தலைசிறந்ததான மார்ஃபின், அபினியிலிருந்து எடுக்கப்படுவது. அந்த அபினியைச் சட்டப்படி விளைவிக்கும் மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற குடியானவர்கள் அதைப் பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் சர்க்கார் ஆலைகள் இருக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 1977-இல் முதன்முதலாக வெளியிட்ட அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே மார்ஃபின் இடம்பெற்றது. 1986-இல் அதே ஸ்தாபனம் புற்றுநோய் வலிக்கான முறையையும் வகுத்துத் தந்தது. வாய்வழியாகக் கொடுக்க வேண்டும். வலி மீண்டும் எழும்வரை காத்திராமல் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலியின் கடுமைக்கேற்பப் படிப்படியாக உயர்த்த வேண்டும் என்பதே அதன் சாரம்.

உலகம் இந்தப் பாடத்தைப் படிக்கத் தொடங்கிய அதே சமயத்தில் நாம் வாசலைச் சாத்தினோம். 1985-இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கள்ளக் கடத்தலை ஒடுக்க வந்த சட்டம். நோக்கத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் குறைந்தது பத்தாண்டுச் சிறை என்ற அச்சம் ஒருபுறம், வெவ்வேறு இலாகாக்களில் வாங்க வேண்டிய நான்கைந்து உரிமங்கள் மறுபுறம். ஒன்று கையில் கிடைப்பதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் மார்ஃபினைக் கைவிட்டன. 1985-க்கும் 1997-க்கும் இடையில் நாட்டின் மார்ஃபின் உபயோகம் நூற்றுக்கு 97 பங்கு வீழ்ந்தது. 1997-இல் இந்தப் பெரிய தேசம் முழுவதும் உபயோகித்தது ஏறத்தாழ 18 கிலோ. ஒரு தலைமுறை வைத்தியர்கள் அம்மருந்தைக் கையால் தொடாமலே பட்டம் பெற்று வெளிவந்தார்கள் என்பதுதான் சட்டத்தைவிடப் பெரிய நஷ்டம் என்பது என் கருத்து.

கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் தொடங்கிய வலி நிவாரண சங்கம் இந்நிலையை மாற்றப் பாடுபட்டது. பல்லாண்டு முயற்சிக்குப் பின், 2014-இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகள் அத்தியாவசியமானவையென ஏற்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரின் அனுமதியோடே அவற்றை வைத்து வழங்கலாம் என்றாயிற்று. சட்டம் மாறிவிட்டது. பழகிய பயம் மாறவில்லை. 2018-இல் டிராமடால் என்னும் மாத்திரையும் அதே சட்டத்தின் கீழ் வந்தபோது, சில கடைக்காரர்களுக்குப் பழைய பயம் புதிதாயிற்று.

பயம் முழுதும் வீண் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதி முதல் இவ்வகை மருந்துகளை முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் தாராளமாக எழுதித் தள்ளியதால் எத்தனையோ உயிர்கள் மாண்டன. ஆகவே, நாட்பட்ட வலி எல்லாவற்றுக்கும் மார்ஃபின் என்பது விவேகமன்று. ஆனால் புற்று எலும்பைத் தின்னும் ஒருவரிடம், “பழக்கமாகிவிடும்” என்று சொல்லி மருந்தை மறுப்பது என்ன விவேகம்? வீட்டாரே சில சமயம் மறுக்கிறார்கள். மார்ஃபின் என்றாலே முடிவு வந்துவிட்டது என்று எண்ணிக் கலங்குகிறார்கள். அளவறிந்து கொடுத்தால் நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசவும், இரவு உறங்கவும் முடிகிறது. மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கு மலமிளக்கியையும் முதல் நாளே எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ஓசூர் சாலையில் 1973-இல் நிறுவப்பட்ட கித்வாய் புற்றுநோய் நிலையத்துக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்தும் நம்மவர் வருகிறார்கள். மாரத்தஹள்ளிக்கு அருகில் 1999 முதல் நடந்துவரும் கருணாசிரயா இல்லம், குணமாகும் கட்டத்தைத் தாண்டிய புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பராமரிக்கிறது. அதன் குழுவினர் வீடுகளுக்கும் சென்று கவனிக்கிறார்கள். புற்றுநோய் அல்லாத வலிக்கும் பெரிய மருத்துவமனைகளில் வலி நிவாரணப் பிரிவு உண்டா என்று விசாரிக்கலாம்.

விசாரிக்கப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு, மதமதப்பு என்று வலியைப் பிரித்துச் சொல்ல நம்மிடம் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அவை வெறும் அலங்காரமல்ல. எரிச்சலும் மதமதப்பும் நரம்பைக் காட்டும், காலையில் மூட்டு விறைப்பது வேறொன்றைக் காட்டும். எனவே கன்னடத்தில் அவற்றுக்குரிய சொற்களை அண்டை வீட்டாரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘உரி’ என்றால் எரிச்சல். நாம் நினைப்பதுபோல் தோல் உரிவதல்ல. ‘ஜோமு’ என்றால் மரத்துப்போதல். எங்கே வலிக்கிறது, எப்போது மிகுகிறது, இரவில் எத்தனை மணி தூங்கினீர்கள், முன்பு எந்த மாத்திரை எத்தனை நாள் தின்றும் கேட்கவில்லை என்பதை ஒரு தாளில் குறித்துக் கொண்டுபோய் நீட்டுங்கள். இது எந்த வகை வலி, இந்த மருந்து எத்தனை நாளில் வேலை செய்யும், கேட்காவிட்டால் அடுத்தது என்ன என்று மரியாதையாகக் கேட்கலாம். அந்த இரண்டாம் கேள்வி முக்கியம். நரம்பு வலி மருந்துகள் பலன் காட்ட இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம்; அது தெரியாமல் நான்காம் நாளே நிறுத்திவிட்டு வருபவர்கள்தாம் அதிகம்.