லண்டன் விசா துலிப் தோட்டம் வரைக்கும் போகாது

பங்குனி பிறந்தாச்சுன்னா நம்ம ஊர்ல ஒரே கேள்வியைப் பலபேரு கேக்காங்க. "மகன் லண்டன்ல இருக்கான். ஏப்ரல்ல போறோம். ஹாலந்து பக்கத்துலதானே, ஒரு நாள் போயி துலிப் பூவைப் பாத்துட்டு வந்திரலாம்லா?"

வந்திரலாம். ஆனா அதுக்கு விசா வேலையை நாகர்கோவில்ல இருக்கும்போதே தொடங்கியிருக்கணும். இங்கிலாந்து விசாவை வச்சு ஹாலந்துக்குள்ள, அதாவது நெதர்லாந்துக்குள்ள போக முடியாது. அதுக்கு, ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவா குடுக்கிற ஷெங்கன் விசா தனியா வேணும். மகன் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிட்டாருன்னா அவருக்கு அந்த விசா தேவையில்ல. அதனாலேயே அப்பா அம்மாவுக்கு வேணுங்கறது அவருக்குத் தோணாது, டிக்கெட்டைப் போட்டுருவாரு. சுற்றுலா விசாவுல லண்டன்ல இருந்துக்கிட்டு அங்கேயே ஷெங்கனுக்கு எழுதிப் போட்டா பொதுவா எடுத்துக்க மாட்டாங்க. நீங்க குடியிருக்கிற நாட்டுலதான் போடணும். விசா மையத்துக்குப் போயி கைரேகை வைக்கிற வேலையும் இருக்கு. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னால இருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி கெடு 15 நாள். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கேப்பாங்க. திரும்பி லண்டனுக்குள்ள நுழையணுமே, அதனால இங்கிலாந்து விசா பலமுறை நுழையிற விசாவான்னும் பாத்துக்கோங்க.

சரி, அங்க என்னதான் இருக்கு? லிஸ்ஸேன்னு ஒரு ஊரு. அங்க கோய்க்கன்ஹோஃப் தோட்டம். 1950-ல மக்களுக்குத் திறந்தாங்க. 32 ஹெக்டேர். மார்ச் நடுவுல தொடங்கி மே நடுவு வரைக்கும் எட்டு வாரந்தான் திறப்பு, மத்த நாளெல்லாம் பூட்டு. எழுபது லட்சம் கிழங்கைக் கையால நடுறாங்க. ஒரே குழியில மூணு அடுக்கா, முந்திப் பூக்கிறது, நடுவுல பூக்கிறது, பிந்திப் பூக்கிறதுன்னு வைக்கிறதால ஒண்ணு வாடும்போது அடுத்தது எந்திரிச்சிரும். துலிப்புக்காகவே போறவங்க ஏப்ரல் நடுவையும் அடுத்த வாரத்தையும் குறி வையுங்க. ஈஸ்டர் லீவு நாளை மட்டும் விட்டுருங்க, கூட்டம் தாங்காது.

தோவாளைச் சந்தையில விடியுமுன்ன பிச்சியும் மல்லியும் எடை போடுறதைப் பாத்து வளந்தவங்களுக்கு அங்க ஒரு காட்சியைக் கண்டா நெஞ்சு பதைக்கும். தோட்டத்துக்கு வெளியே கண்ணுக்கு எட்டுற தூரம் சிவப்பும் மஞ்சளுமா வயல். பூ விரிஞ்சு கொஞ்ச நாள்தான், வயல்காரன் மெஷினை ஓட்டித் தலை தலையா கொய்து தரையில தள்ளிருவான். ஏன்னு கேட்டா, அந்த வயல்ல விளைச்சல் பூ இல்ல, மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்கு. பூவை விட்டு வச்சா விதைக்குப் போற சத்து, கொய்துட்டா கிழங்குக்கு இறங்கும். நம்ம ஊர்ல மொட்டு விரியுறதுக்குள்ள பறிச்சாத்தான் காசு. அதனால அந்த துலிப் வயலைப் பாக்கணும்னா கொய்யுறதுக்கு முன்னால போங்க. போட்டோவுக்காக வரப்பைத் தாண்டி உள்ள இறங்காதீங்க, கிழங்கு மிதிபடும். இன்னொண்ணு, பெரும்பாலான துலிப்புக்கு வாசம் கிடையாது. பிச்சி வாசத்துல வளந்த அக்காமாரு ஏமாந்து போகாதீங்க.

இப்ப நேரக் கணக்கு. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ்ல இருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ரயில் நாலு மணி நேரம். அங்க கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால ஓடுது. காலையில ஆறரைக்கு ஏறினா பதினொண்ணரை. அங்கிருந்து பஸ்ஸைப் பிடிச்சு தோட்டத்துக்குள்ள நுழைய மதியம் ஒரு மணி ஆயிரும். மாலை ரயிலுக்குத் திரும்ப ஓடணும், பாஸ்போர்ட் சோதனைக்கு முன்கூட்டியே நிக்கணும். விமானத்துல பறக்கிற நேரம் ஒண்ணேகால் மணி, ஆனா ஏர்போர்ட்டுல காத்துக் கிடக்கிற நேரம் அதை விட ஜாஸ்தி. அறுபது தாண்டின முட்டியோட ஒரே நாள்ல இந்த ஓட்டம் எதுக்கு? எங்கிட்ட கேட்டா, ஒரு ராத்திரி தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான லைடன்லயோ ஹார்லம்லயோ தங்குங்கன்னுதான் சொல்லுவேன். தோட்டத்து டிக்கெட் ஆன்லைன்ல நாளும் மணியும் குறிச்சுத்தான் கிடைக்கும், முதல் மணியை எடுங்க. ஏப்ரல்ல அங்க மழையும் குளிர்காத்தும் உண்டு. செருப்பு போடாதீங்க, ஷூ போடுங்க.

சாப்பாட்டுல ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்துல இருந்து ஐரோப்பாவுக்குள்ள பால், இறைச்சி சேந்த பண்டம் கொண்டு போகக்கூடாது. தயிர்சாதப் பொட்டலத்தை எல்லையில வாங்கிப் போட்டுருவாங்க. புளியோதரைக்குத் தொந்தரவு இல்ல. ஆசைப்பட்டுக் கிழங்கு வாங்கி ஊருக்குக் கொண்டு வரவும் வேண்டாம். அனுமதியும் தாவர நலச் சான்றும் கேப்பாங்க. அதெல்லாம் வாங்கி வந்தாலும், மாசக்கணக்கா குளிர்ல கிடந்தாத்தான் அது பூக்கும். நம்ம வடசேரி வெயில்ல முளைச்சாலும் இலையோட நிக்கும்.

ஷெங்கன் விசாவுக்கு இந்த வருஷம் நேரம் தப்பிப்போச்சா? விசனப்படாதீங்க. ஏப்ரல் கடைசியில இருந்து மே நடுவு வரைக்கும் இங்கிலாந்துக் காடுகள்ல ப்ளூபெல் பூக்கும், மரத்தடியெல்லாம் நீலமா விரிஞ்சு கிடக்கும். லண்டனுக்குள்ளேயே கியூ தாவரத் தோட்டத்துல அதைப் பாக்கலாம். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில்ல கியூ கார்டன்ஸ் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கிற தூரந்தான். பாஸ்போர்ட்டை மகன் வீட்டு அலமாரியிலேயே வச்சிட்டுப் போகலாம்.