இரவல் எதிர்ப்புச் சக்தி



நாய்க்குட்டி வளர்த்தவர்களில் பலருக்குப் பார்வோ என்ற பெயர் பழக்கமானது. நேற்று வரை வாசலில் கிடந்த செருப்பையெல்லாம் கடித்துக் குதறிக்கொண்டிருந்த குட்டி, இன்று காலையில் சோற்றை முகர்ந்தும் பாராமல் மூலையில் சுருண்டு கிடக்கும். உச்சி வேளைக்குள் நுரை நுரையாக வாந்தி. மறுநாள் ரத்தம் கலந்த கழிச்சல், அதனோடு ஒருமுறை முகர்ந்தவர் ஆயுளுக்கும் மறக்க முடியாத துர்நாற்றம். தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, தாகம் இருந்தும் குடிக்க மாட்டாமல் அந்தக் குட்டி விழிப்பதைக் கண்டவர்கள், இந்த வியாதியின் கொடுமைக்கு வேறு சாட்சியம் தேட மாட்டார்கள்.

இது பழைய வியாதி அன்று. 1978ஆம் ஆண்டுக்கு முன் மிருக வைத்தியர்கள் இதை அறிந்ததில்லை. பூனைகளைப் பீடிக்கும் பான்லுகோபீனியா என்னும் நோயின் வைரஸுக்கு மிக நெருங்கிய உறவுடைய ஒரு வைரஸ், தன் மேலுறையில் சிற்சில மாறுதல்களை மட்டும் அடைந்து, நாயின் உடலுக்குள் புக வழி கண்டுகொண்டு, இரண்டே ஆண்டுகளில் பூமண்டலம் முழுவதும் பரவி, அதற்கு முன் அதைச் சந்தித்தே இராத நாய்களைக் கூட்டம் கூட்டமாக மாய்த்தது. வேகமாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களே அதற்கு இரை. அத்தகைய அணுக்களுக்கு இரும்புச் சத்து அதிகம் வேண்டும். அந்த இரும்பை உள்ளே வாங்கிக்கொள்வதற்காக அவை தம் மேற்பரப்பில் வைத்திருக்கும் ஒரு புரதத்தையே இந்த வைரஸ் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. ஆகவே குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் ஏககாலத்தில் தாக்கப்படுகின்றன. குடற்சுவர் சிதைந்து கிருமிகள் ரத்தத்தில் கலக்கும் அதே வேளையில், அவற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்கள் குறைந்துபோகின்றன.

இந்த வைரஸை நேரே அழிக்கும் மருந்து வைத்தியர் கையில் இல்லை. சலைன் ஏற்றுவது, வாந்தியை நிறுத்துவது, ரத்தத்தில் புகுந்த பாக்டீரியாக்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது, கூடிய சீக்கிரம் ஆகாரம் புகட்டுவது என்று, குட்டியின் உடல் தானே எதிர்ப்புச் சக்தியைத் திரட்டிக்கொள்ளும் வரை உயிரைப் பிடித்து வைப்பதுதான் சிகிச்சை. நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் இப்படிப் பத்துக் குட்டிகளில் எட்டு ஒன்பது பிழைத்துவிடுகின்றன; கவனிப்பாரற்றவற்றில் பெரும்பாலானவை மாண்டுபோகின்றன. உடல் தானே திரட்டிக்கொள்ளும் வரை காத்திராமல், அந்தச் சக்தியை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்ற கேள்வியிலிருந்தே, நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டு செய்யும் சிகிச்சை பிறந்தது.

இயற்கை இதை முன்னமே செய்துகொண்டிருக்கிறது. பிறந்த குட்டி முதல் நாளில் குடிக்கும் சீம்பாலின் வழியாகத் தாயின் எதிர்ப்பொருள்கள் அதன் ரத்தத்தில் சேருகின்றன. ஒரு நாள் கழிந்தால் குடல் அவற்றை உள்ளே விடுவதில்லை. ஆனால் இது இரவல் வாங்கிய நகையைப் போன்றது. கழுத்தில் கிடக்கும் வரை அழகுதான், சொந்தமாகாது. ஏறத்தாழப் பத்து நாளுக்கு ஒருமுறை அந்த எதிர்ப்பொருள் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். இதில் ஒரு விபரீதமும் உண்டு. நோயைத் தடுப்பதற்குப் போதாத அளவுக்கு அது குறைந்த பிறகும், தடுப்பூசியிலுள்ள வைரஸைச் செயலிழக்கச் செய்வதற்குப் போதுமான அளவு எஞ்சி நிற்கும்; அந்தச் சில வாரங்களில் குட்டி தாயின் பாதுகாப்பையும் இழந்து, ஊசியின் பாதுகாப்பையும் பெறாமல், நடுத்தெருவில் நிற்கிறது. "ஊசி போட்டும் வந்துவிட்டதே!" என்று வைத்தியரை நொந்துகொள்வோரில் பலருடைய குட்டிகள், ஒரே ஒரு ஊசியோடு நிறுத்தப்பட்டு, இந்த இடைவெளியில் அகப்பட்டவையே.

இரவல் சக்தியை மனிதன் கொடுக்கக் கற்றது 1890இல். பெர்லினில் பேரிங் என்பவரும் ஜப்பானியரான கிடசாட்டோவும், நோயை வென்ற பிராணியின் ரத்தத் தெளிநீரை நோயுற்ற பிராணிக்குச் செலுத்திக் காப்பாற்றலாம் என்று நிரூபித்தார்கள்; வைத்தியத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் பேரிங்குக்குக் கிடைத்தது இதன் பொருட்டே. அதே உபாயத்தைப் பார்வோவிலும் கையாண்டு பார்த்தார்கள். குணமடைந்த நாய்களின் பிளாஸ்மாவில் 12 மில்லியை நோய் கண்ட குட்டிகளுக்கு ஒருமுறை ஏற்றிப் பார்த்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. பலன் எதுவும் தெரியவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. எதிர்ப்பொருள் ரத்தத்தில் மிதக்கும் வைரஸைத்தான் பிடிக்கும்; அணுவுக்குள் புகுந்துவிட்ட வைரஸையோ, சிதைந்துபோன குடலையோ அதனால் ஒன்றும் செய்ய இயலாது. குட்டி வாந்தியெடுத்துச் சோர்ந்த பிறகு வந்து சேரும் சிறிதளவு பிளாஸ்மா, காலத்தாலும் பிந்தியது, அளவாலும் குறைந்தது.

அளவுக் குறையைத் தீர்க்கும் வழியைக் காட்டியவர்கள் கேம்பிரிட்ஜில் 1975இல் ஆராய்ந்த கோலரும் மில்ஸ்டைனும். எதிர்ப்பொருளைச் சுரக்கும் ஒரே ஓர் அணுவை அழியாமல் பெருக்கி, ஒரே வார்ப்பான எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் பெறும் அவர்களுடைய முறையில், பார்வோ வைரஸுக்கென்றே தயாரித்த மோனோக்ளோனல் எதிர்ப்பொருள் ஒன்றுக்கு 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க விவசாய இலாகா நிபந்தனையுடன் கூடிய அனுமதி வழங்கியது. எலாங்கோ கம்பெனியின் தயாரிப்பு அது. நரம்பின் வழியாக ஒரே தடவை செலுத்துவது. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே நோய் ஏற்றப்பட்ட குட்டிகளில், மருந்து பெறாதவற்றில் பாதிக்கு மேல் இறந்தன. பெற்றவற்றில் ஒன்றும் இறக்கவில்லை. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். எனினும் ஆய்வுக்கூடத்துக் குட்டிக்கு நோய் ஏற்றிய நாள் தெரியும், ஊசியும் வேளை தவறாமல் வரும். நம் வீட்டுக் குட்டி வைரஸை எந்தத் தெருவில் எந்த நாளில் நக்கியது என்பதை அறிந்தவர் யார்?

இரண்டாவது வழி ஒன்று உண்டு. அதன் கதை எனக்கு இன்னும் சுவையாகப் படுகிறது. 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும், சூட்டினால் வலுவிழக்கச் செய்த இன்ஃபுளூயன்சா வைரஸைக் கோழி முட்டையின் உட்சவ்வுத் துண்டுகளோடு ஊறவைத்து, பிறகு அந்த நீரை மட்டும் எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளுக்கு இட்டபோது, அவற்றில் உயிருள்ள வைரஸ் பெருக முடியாமல் போனதைக் கண்டார்கள். தாக்கப்பட்ட அணுக்கள் அண்டை அணுக்களை உஷார்ப்படுத்தச் சுரந்த அந்தப் பொருளே இன்டர்ஃபெரான். பிற்காலத்தில் ஜப்பானின் டோரே நிறுவனத்தார், பூனையின் இன்டர்ஃபெரானை உண்டாக்கும் மரபணுவைப் பூச்சிகளின் வைரஸ் ஒன்றில் பொருத்தி, அதைப் பட்டுப்புழுவுக்குச் செலுத்தினார்கள். இழை நூற்க வேண்டிய புழு, தன் உடலுக்குள் பூனையின் மருந்தைச் செய்து கொடுத்தது. ஐரோப்பாவில் 2001இல் அனுமதி பெற்ற அந்த மருந்து, பெயருக்குப் பூனையுடையதாயினும் நாய்க்கும் பலிக்கிறது. எடையில் ஒரு கிலோவுக்கு 25 லட்சம் யூனிட் வீதம் மூன்று நாள் தொடர்ந்து ஏற்றுகிறார்கள். பார்வோ கண்ட நாய்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு இதையும் கொடுத்துப் பார்த்த ஒரு பரீட்சையில், மருந்து பெற்ற 43 நாய்களில் 3 இறந்தன. பெறாத 49இல் 14 இறந்தன. சலைனை நீக்கிவிட்டு இதை மட்டும் கொடுத்ததன்று என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும்.

பூனைகளிடம் வரும்போது விஷயம் சிக்கலாகிறது. பூனை லுகேமியா வைரஸ், பூனை எய்ட்ஸ் என்று சொல்லப்படும் வைரஸ் ஆகிய இரண்டும் அணுவின் மரபுப் பொருளிலேயே தம்மை எழுதிவைத்துக்கொள்பவை. இன்டர்ஃபெரான் நோயின் உபாதைகளைச் சிறிது தணிக்கலாம், வைரஸைத் துரத்த மாட்டாது. பூனைக் கொரோனா வைரஸினால் வரும் எஃப்.ஐ.பி. என்னும் வயிற்று உறை அழற்சியிலோ, உதவ வந்ததே உபத்திரவமாகிவிட்டது. அந்த வைரஸ் குடியிருப்பது கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்களுக்குள்ளேயே. எதிர்ப்பொருள் ஒட்டிய வைரஸை அந்த அணுக்கள் இன்னும் எளிதாக விழுங்குகின்றன. அதனால் பரிசோதனைகளில், முன்னமே எதிர்ப்பொருள் பெற்றிருந்த குட்டிகள் பெறாதவற்றைக் காட்டிலும் விரைவில் நோயுற்று இறந்தன. இன்டர்ஃபெரானும் 37 பூனைகளிடம் நடந்த, 2007இல் வெளியான பரீட்சையில் ஆயுளை நீட்டவில்லை. கடைசியில், தப்பவே முடியாது என்று கைவிடப்பட்டிருந்த இந்நோய்க்கு விமோசனம் காட்டியது எதிர்ப்புச் சக்தியைத் தொட்ட மருந்தே அன்று. வைரஸ் தன்னைப் பிரதி எடுப்பதை நிறுத்தும் ஜி.எஸ். 441524 என்னும் ரசாயனம், 2019இல் கலிபோர்னியாவில் பெடர்சன் வெளியிட்ட ஆய்வினால் பிரசித்தி அடைந்தது.

இதனால்தான், "எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்" என்று டப்பாவில் அச்சிட்டு விற்கும் பொடிகளையும் சொட்டு மருந்துகளையும் காணும்போது எனக்கு ஐயம் எழுகிறது. எந்த வைரஸுக்கு எதிராக, நோயின் எந்தக் கட்டத்தில், எந்த அளவில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லாத ஒன்றைச் சிகிச்சை என்று அழைப்பது தகாது.

நேயர்கள் செய்ய வேண்டியது இதுதான். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி போட்டு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து, பதினாறு வாரம் நிறைந்த பின் ஒன்று விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை மற்ற நாய்கள் கழிக்கும் இடங்களுக்குக் கொண்டுபோகாதீர்கள். நோய் வந்து போன வீட்டில் பினாயில் போதாது, பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். அந்த வைரஸ் மண்ணில் ஓராண்டு வரையிலும் உயிரோடிருக்கும். குட்டி உணவை மறுத்து வாந்தியெடுத்தால், நாளை பார்க்கலாம் என்று இராமல், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.